ஓடை விரால்

தூண்டில் தக்கை அசையவே இல்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்த நாலைந்து பேரும் ஒருசேர உச்சுக்கொட்டினார்கள்.

"பாவம், அப்பாவுக்கு ஒரு விரால் பிடிக்கணும்னு தறிக்குக்கூடப் போகாமக் கெடக்கான்" என்றார் டீக்கடைக்காரர். "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு புள்ள."

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் ஓடை கரைதொட்டு ஓடியது. ஊர்ச் சாக்கடையை எல்லாம் மழை அடித்துக்கொண்டு போய், மீன் நிற்கிற மாதிரித் தண்ணீர் வந்திருந்தது. நாணலோரம் விரால் துள்ளும் சத்தம் பாலத்தில் நிற்பவர்களுக்கே கேட்டது. காசிராஜன் தூண்டிலில்தான் ஒன்றும் மாட்டவில்லை.

அவனுடைய அப்பா தங்கசாமி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். கஞ்சி, இளநீர் எதுவும் உள்ளே இறங்கவில்லை. வாயைத் திறந்தால் ஒரே பேச்சு, ஓடை விரால் குழம்பு. வீட்டில் எல்லாரும் கூடிப் பேசித்தான் காசிராஜனை அனுப்பி வைத்தார்கள். அவனும் தினமும் தூண்டிலோடு போய், தினமும் வெறுங்கையோடு திரும்பினான்.

பாலத்து முக்கில் பூட்டுச் சாவி ரிப்பேர் பார்க்கும் சேக் மைதீனுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. பெட்டியை மூடிவைத்துவிட்டு, தம்முடைய தூண்டிலையும் எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார். ஆள் வராத நேரமெல்லாம் அவருக்கும் ஓடைக்கரைதான். காசிராஜனின் தூண்டிலை வெளியே இழுத்துப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, மாவு உருண்டையா கோத்திருக்கே? இத கெண்டைக்குல்லா போடுவாவ. விராலுக்குத் தவளைக்குஞ்சு போடணும்னு ஒனக்குத் தெரியாதா? டவுசர் போட்ட காலத்துல இருந்து இந்தக் கரையிலதானலே கெடந்தே?"

"மறந்துட்டேன், பாய்."

"நல்லா மறந்தே போ. எடமும் தப்பு. வெட்டவெளித் தண்ணியில விரால் நிக்குமா? அது நாணல் வேருக்குள்ளல்லா படுத்துக் கெடக்கும்."

காசிராஜன் தூண்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சரியாகத் தூங்கி எத்தனை நாளாச்சோ என்று சேக் மைதீனுக்கு இரக்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பாலத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த அக்கா பிச்சம்மாள், தூறலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏலே தம்பி, கெடச்சுதா?"

"இல்லக்கா."

"ராஜபாளையத்துல வாங்கிட்டு வாரேன்னு ஒங்க மச்சான் சொன்னதுக்கு நீதானே வேண்டாம்னே? நானே பிடிச்சுக் கொண்டாருதேன்னு நின்னே. அங்கன பனவடலிசத்திரத்துச் சித்தப்பா, பெரியம்மை மக்க எல்லாரும் வந்து இறங்கியாச்சு. எல்லாரும் ஒன்னையத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காவ." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பா படுத பாட்டைக் கண்கொண்டு பாக்க முடியலலே. வெரசாக் கொண்டா."

மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். காசிராஜன் மறுபடியும் ஒரு மாவு உருண்டையைப் பிடிக்க ஆரம்பித்தான்.

"தள்ளுலே அங்கிட்டு" என்று சேக் மைதீன் அவனை ஒதுக்கினார். புல்லைக் கிளறி ஒரு தவளைக்குஞ்சைப் பிடித்தார். தம் தூண்டிலில் கோத்து, நாணலோரமாக வீசி, லேசாகச் சுண்டிச் சுண்டி விட்டார்.

தண்ணீரில் பொளக்கென்று ஒரு சத்தம். கம்பு வளைந்தது. பாலத்தில் நின்றவர்கள், "விடாதேயும் பாய், விடாதேயும்!" என்று கத்தினார்கள். கொஞ்ச நேர இழுபறிக்குப் பிறகு, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் கரைச் சேற்றில் வந்து விழுந்து புரண்டது.

காசிராஜன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

சேக் மைதீன் மீனின் செவுளில் ஒரு நாணலைக் கோத்து முடிச்சுப் போட்டு அவன் கையில் கொடுத்தார்.

"பிடி மக்கா. ஒங்கப்பன் எனக்குச் சேக்காளிலே. நேரா வீட்டுக்கு ஓடு. ரெண்டு வாய் கொழம்பு உள்ள போனா, மனுசன் எந்திரிச்சு உக்காந்துருவாரு பாரு."

காசிராஜன் இரண்டு கையாலும் வாங்கினான். திறந்து திறந்து மூடுகிற அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து, நாணல் முடிச்சை அவிழ்த்து, மீனைத் தண்ணீருக்குள் விட்டான். அது வாலை ஒரு வீசு வீசி ஆழத்துக்குள் போய்விட்டது.

"கிறுக்குப் பிடிச்சிட்டா அவனுக்கு?" என்று பாலத்திலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். சேக் மைதீன் பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏலே பாவி, பெத்த அப்பனுக்கு ஒரு வாய் கொழம்பு கொடுக்க ஒனக்கு மனசு வரலையா?"

காசிராஜன் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

"அந்த ஒரு வாய் உள்ள போனாத்தான் ஆசை அடங்கி அப்பா உசுரு பிரியுமாம், பாய்."