பெருங்காயம் வந்த வழி

மகள் கைபேசியை ரசச் சட்டிக்கு மேலே பிடித்திருந்தாள். ஆவியில் படம் மங்கியது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள்.

மூன்று நிமிடப் படம். 'நம் வீட்டுச் சமையல் எங்கிருந்து வருகிறது?' ஒன்பதாம் வகுப்புக்கு எஸ்தர் டீச்சர் கொடுத்திருந்த புவியியல் வேலை. இன்று ஞாயிறு. இன்றைக்குள் வகுப்புக் குழுவில் போட்டுவிட வேண்டும்.

அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். மகள் ஊர் சொன்னாள்.

மிளகாய், சாத்தூர். மிளகு, இடுக்கி. கடுகு, ராஜஸ்தான்.

பெருங்காய டப்பா.

"ஆப்கானிஸ்தான்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, நான் தென்காசியத் தாண்டுனதில்ல. இது அங்கெருந்தா வருது?"

சிரித்துவிட்டாள். தலையைச் சாய்த்து, வாய்விட்டு. திரையில் வேறு யாரோ போல் இருந்தாள். மகள் இன்னும் கிட்டே போனாள்.

சிரிப்பு முன்னறை வரை கேட்டிருக்க வேண்டும்.

அப்பா அடுக்களை வாசற்படியில் நின்றார்.

"எவனுக்குடி மூஞ்சியக் காட்டுத?"

"பள்ளிக்கூடத்துக்குப்பா..."

அவர் மகள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் கொண்டையைப் பிடித்தார். நெற்றி மேடை விளிம்பில் மோதியது. ஒருமுறை. இன்னொருமுறை. சட்டியைத் தட்டிவிட்டார். கொதிக்கும் ரசம் அம்மாவின் தோளிலிருந்து முழங்கை வரை இறங்கியது.

அம்மா கத்தவில்லை. கத்தினால் இன்னும் அடி விழும்.

விழுந்தவளை வயிற்றில் மிதித்தார். மூன்றாம் முறை காலை ஓங்கியபோது ரசத்தில் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

படம் எடுக்கும்போது கை ஆடக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. பயந்துபோய் கைபேசியை இறக்கப் பார்த்தாள்.

அம்மா தரையிலிருந்து நிமிர்ந்தாள். ஒரு கண்ணுக்குள் இரத்தம் இறங்கியிருந்தது.

"நிப்பாட்டாத. எடு."

அப்போதுதான் அப்பா திரும்பிப் பார்த்தார்.

மகள் ஓடினாள். குளியலறை. தாழ்ப்பாள்.

பிளாஸ்டிக் கதவு. முதல் உதையிலேயே கொண்டியின் திருகாணி பாதி வெளியே வந்தது.

வகுப்புக் குழுவைத் திறந்தாள். நாற்பத்திரண்டு பேர். பையன்களும் இருந்தார்கள். நாளைக் காலை அவள் வகுப்புக்குள் நுழையும்போது நாற்பத்திரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

விரல் நின்றது.

இரண்டாவது உதை.

படத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பச்சை வட்டம் மெல்லச் சுற்றியது. பாதி. முக்கால்.

மூன்றாவது உதையில் கதவு அவள் முகத்தில் வந்து மோதியது. உதடு கிழிந்தது. அப்பா கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். கீழே விழுந்ததைக் குதிகாலால் மிதித்தார். கண்ணாடி நொறுங்கும் வரை மிதித்தார். அப்புறம் அவள் கழுத்தைப் பிடித்துத் தொட்டியோடு அழுத்தினார்.

மூச்சு வரவில்லை.

அப்போது அம்மாவின் சிரிப்பு கேட்டது.

பக்கத்து வீட்டிலிருந்து. கூடப் படிக்கும் ஜெனிபாவின் வீடு.

அதைத் தொடர்ந்து, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவர் குரல்தான்.

"எவனுக்குடி மூஞ்சியக் காட்டுத?"

கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது.

எதிர்வீட்டிலும் ஓடியது. பிறகு தெருக்கோடியில் எங்கோ. சட்டி உருளும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று வீடுகளில்.

அப்பாவின் பேரைச் சொல்லித் தெருக்கதவைத் தட்டினார்கள்.

"ஏ முப்பிடாதி! கதவத் தெறல!"

"எவளாவது கதவுப் பக்கம் போனீக..." என்று அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. எந்தப் பக்கம் அடிப்பதென்று தெரியாததுபோல.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக முன்னறைக்குப் போனாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

போலீஸ் ஜீப் வரும் வரை தெரு ஆட்கள் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம், அரசு ஆஸ்பத்திரி. அம்மாவின் கை முழுக்க வெள்ளை மருந்து. நெற்றியில் ஏழு தையல். எஸ்தர் டீச்சர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெண் போலீஸ் ஒருவர் கட்டிலருகே நின்றபடியே எழுதினார். பேர். வயது. எத்தனை மணிக்கு. எதனால் அடித்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது அடிச்சிருக்காராம்மா?"

அம்மா மகளைப் பார்த்தாள்.

"இவ பொறக்கதுக்கு முன்னாடி உள்ளதும் சொல்லணுமா?"

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.