ஏழாம் கட்டிலுக்கு ஒரு தட்டு

"ஏழாம் கட்டில் அம்மாவுக்கு" என்று நர்ஸ் எஸ்னாத் சமையலறை ஜன்னலில் கையை நீட்டினாள்.

மற்ற நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த சொந்தங்கள் வெளியே அடுப்பு மூட்டிக் களி கிண்டிக்கொடுப்பார்கள். யாருமற்றவர்களுக்கு மட்டுமே ஆஸ்பத்திரிச் சாப்பாடு. ஊழியர்களுக்குக் கிடையாது.

"இன்னுமா ஆள் வரல?" என்றாள் சமையற்காரி நாபிரி. "புள்ளைங்க லிலோங்வே பட்டணத்துக்குப் போய் அப்படியே மறந்துடுச்சுங்களா?"

"யாருமே இல்லக்கா."

அந்தப் பதில் தன் காதிலேயே விழுந்து எஸ்னாத்தை என்னவோ செய்தது.

"ஆனா பசிக்குக் குறைச்சலில்ல சிஸ்டர்! தட்டு கழுவி வச்ச மாதிரில்ல திரும்பி வருது" என்று சிரித்தபடி நாபிரி களியும் பீன்ஸும் வைத்தாள்.

எஸ்னாத் போன பிறகு நாபிரிக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கென்று ஒரு முட்டையை அவித்து எடுத்துக்கொண்டு வார்டுக்கே போனாள்.

ஏழாம் கட்டிலில் மெத்தைகூட இல்லை. வெற்றுக் கம்பிகளின்மேல் எஸ்னாத் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தத்துக்குத் திரும்பியவளின் கை அப்படியே நின்றது.

நாபிரி பக்கத்தில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள்.

"மெதுவா தின்னு, பொண்ணே. ஏழாம் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு."