பெரியவர் நின்றால் சின்னவர்

காலை பத்தரைக்குப் பெரியவரின் மூச்சை நிறுத்திவிடுவது என்று சென்னையிலிருந்து வந்த அதிகாரி சொல்லிவிட்டார். விஜயதசமி, நல்ல நாள், நல்ல நேரம்.

பெரியவர் என்பது ஏற்காட்டு மலை உச்சியில் இருந்த பேஜர் நிலையத்தின் முதல் கம்ப்யூட்டர். பக்கத்தில் இருப்பது சின்னவர். பெரியவர் படுத்துவிட்டால், சின்னவர் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாக வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படி அமைத்துக் கொடுக்கத்தான் கோவிந்தராஜைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். இன்றைய சோதனை தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான்.

அவன் முதலில் செய்த அமைப்பைப் பார்த்து ஊரே சிரித்தது. கரண்ட் போய் வந்ததும் இரண்டும் ஒன்றாக எழுந்து, நான்தான் தலைவன் என்று ஒரே செய்தியை ஆளுக்கொரு முறை பேஜர்களுக்கு அனுப்பின. ஆண் குழந்தை என்று இரண்டு தரம் வரவே, தலைச்சோலை எஸ்டேட் ரைட்டர் இரட்டைப் பிள்ளை என்று ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டார்.

அதன்பின் யார் முதலில் எழுவது, யார் காத்திருப்பது என்று எல்லாவற்றையும் மாற்றி அமைத்தான். நிறுத்திப் பார்க்கத்தான் துணிச்சல் வரவில்லை. ஆனாலும் வாட்ச்மேன் மாதப்பனிடம் பீற்றிக்கொண்டான்: இனி ஒன்று நின்றாலும் மற்றது பார்த்துக்கொள்ளும், பயமே வேண்டாம் என்று.

ஆயுத பூஜைக்குச் சேலம் போயிருந்தவன், இன்று அதிகாரியின் ஜீப்பிலேயே வந்து இறங்கினான். பெரியவர் முகமே தெரியாமல் செவ்வந்தி மாலையும் சந்தனமுமாக இருந்தார். இருவருக்கும் பொதுவான ஒரே திரையில் வேலை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி பெரியவரின் பிளக்கைப் பிடுங்கினார். கோவிந்தராஜ் அவருடைய பேஜருக்கு ஒரு செய்தியைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முப்பது வரை எண்ணத் தொடங்கினான். மூன்று எண்ணுவதற்குள் அவர் இடுப்பில் பேஜர் கீச்சிட்டது.

"அரை நிமிஷம்னு சொன்னீங்க, கண்ணிமைக்கறதுக்குள்ள வந்துடுச்சே."

அது எப்படி என்று கோவிந்தராஜுக்கே விளங்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யாராவது குறுக்கு விசாரணை செய்வார்களா? அதிகாரி நின்ற இடத்திலேயே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கோவிந்தராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பூஜைப் பொரியை அள்ளி ஜீப் டிரைவர் வாயில் திணித்தான், தன் வாயிலும் திணித்துக்கொண்டான்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பிளக்கை மாதப்பனிடம் நீட்டி, மறுபடி மாட்டச் சொன்னார். தேங்காயும் கற்பூரமுமாக வந்து நின்ற மாதப்பன், மறுபூஜை போட்டுவிட்டு மாட்டுவதாகப் பணிவாகச் சொன்னான். நேற்றுத்தான் பூஜை முடிந்ததே, இன்னும் என்ன என்று கேட்டார் அதிகாரி.

"நேத்துப் படைக்கறப்பவே பெரியவரை அமத்திப்போட்டனுங்க, இன்னும் எழுப்பலீங்க, அப்ப இருந்து சின்னவருதானுங்க ஒத்தையாப் பாத்துக்கறாரு."