மனம் வேலையில் இருந்ததா?

“பன்னிரண்டு தரம் மணி அடிச்சிருக்கு. பன்னிரண்டு தரமும் ‘இல்லை’ எண்டு அமத்தியிருக்கிறியள். என்ன அண்ணை விளையாட்டு?”

சிறீதரன் தாளை மேசையில் போட்டான். யோகலிங்கம் தலையைச் சொறிந்தார்.

ஜெர்மனியில், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் தொழிற்சாலை. பெல்ட்டில் ஓடும் போத்தல்களில் வெடிப்பு இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு பேர். சிறீதரன்தான் பொறுப்பு.

இந்த வேலையில் மனம் எவ்வளவு அலைகிறது என்று அளக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கருவி. அது நினைத்த நேரத்தில் மணி அடித்து, ‘இப்போது மனம் வேலையில் இருந்ததா?’ என்று கேட்கும். ஓம், இல்லை, இரண்டில் ஒன்றை அமத்த வேண்டும்.

ஆக அதிகம் ‘இல்லை’ சொல்கிறவரின் ஒப்பந்தம் நீட்டப்படாது என்றார் மேலாளர். சிறீதரன் அதை அப்படியே ஆட்களிடம் சொல்லி எச்சரித்தும் இருந்தான். “என்ர ஆக்கள் கண் வெட்டமாட்டினம்” என்று மேலாளரிடம் பெருமையும் அடித்திருந்தான்.

இப்போது பார்த்தால் ஆறு பேருக்கும் ஒரே பதில். நன்றாக முகத்தில் கரியைப் பூசிவிட்டார்கள்.

“உங்களைத் தாண்டி வெடிச்ச போத்தல் ஒண்டும் போகேல்லை. மனம் இல்லாமலோ பாத்தனீங்கள்?”

“மனம் இருந்தது தம்பி.”

“பிறகேன் பொய்?”

“ஓராள் எண்டா அனுப்பிப் போடுவினம். ஆறு பேரையும் அனுப்ப ஏலாதுதானே.”

“ஆர் அந்த ஓராள்?”

“பேர்பெச்சுவா அக்கா. அவவின்ர மனுசன் வின்சன்ற் ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில. அவவுக்கு எப்பிடி மனம் போத்தல்ல நிக்கும்?”

“எனக்கு அவ சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லை.”

சிறீதரனுக்குச் சுருக்கென்றது. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

“எமிலுமோ? அவன் ஜெர்மன்காரனெல்லோ.”

“இந்த யோசனையே அவன்ரதான்.”

“இவ்வளவு பாடு ஏன்? அக்காவையே ‘ஓம்’ எண்டு அமத்தச் சொல்லியிருக்கலாமே.”

“கெஞ்சிப் பாத்தனாங்கள். மாட்டனெண்டிட்டா. பொய் சொல்லிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக ஏலாதாம்.”

யோகலிங்கம் கையுறையைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அதாலை, அவவுக்கும் சேத்து நாங்கள் சொன்னம்.”