சின்ன ஸ்டாம்ப்

“எல்லாம் இவ பண்ணின வேலைம்மா. படிக்காம கையெழுத்துப் போட்டா இப்படித்தான். அரசாங்கத்தைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?”

பர்ன்லி ஊரின் இலவச ஆலோசனை மையத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நஸ்ரீனிடம் நார்மன் சொல்லிக்கொண்டிருந்தார். விண்ணப்பம் அவர் மனைவி பெரிலுடையது. பேச்சு முழுக்க அவருடையது.

பெரில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது எழுபத்து நாலு. பதினாறு வயதில் பிஸ்கட் ஃபேக்டரிக்குள் போனவள், அறுபத்தொண்ணு வரைக்கும் நின்றுகொண்டே பெட்டி அடைத்தவள்.

அத்தனை உழைத்தும் அவளுக்கென்று ஒரு பென்ஷன் இல்லை. வாரம் நூற்றைந்து பவுண்டு வருகிறது. அதுவும் நார்மன் கட்டிய இன்சூரன்ஸ் கணக்கில், அவருடைய மனைவி என்பதற்காகக் கொடுப்பது. அவளே முழுசாகக் கட்டியிருந்தால் நூற்றெழுபத்தைந்து வந்திருக்கும்.

எழுபது பவுண்டுதானே என்று யாரும் சொல்லலாம். அவளுடைய அக்கா டோரீன் நார்விச்சில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். போன மாதம் ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கேட்டபோது நார்மன் சொன்னது ஒன்றுதான்.

“யார் ஸ்டாம்ப்ல சாப்பிடுறோம்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசு.”

மறுநாளே பெரில் இந்த மையத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

அந்தக் காலத்தில் இன்சூரன்ஸ் பிடித்தத்துக்கு ஸ்டாம்ப் என்றுதான் பேர். கல்யாணமான பெண்கள் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால் ‘சின்ன ஸ்டாம்ப்’. பிடித்தம் குறையும், கையில் கூலி கொஞ்சம் கூட வரும். வயசான காலத்தில் சொந்தப் பென்ஷன் கிடையாது, அவ்வளவுதான்.

“பாரத்துல கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்காம்மா?” என்று கேட்டாள் நஸ்ரீன்.

“கல்யாணம் ஆன வாரம், பேர் மாத்தணும்னு சம்பள ஆபீஸ்ல ஏகப்பட்ட காகிதம் நீட்டினாங்க. அதுல இதுவும் ஒண்ணா இருந்திருக்கும்.”

“நான் அப்போ அதே ஆபீஸ்ல கிளார்க்,” என்றார் நார்மன். “படிச்சுப் பாருடின்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? பெட்டிக்கு எத்தனை பிஸ்கட்னு எண்ணவே இவளுக்கு ஆறு மாசம் ஆச்சு.”

இந்தப் பேச்சு பெரிலுக்குப் பழகிப்போனது. பென்ஷன் வர ஆரம்பித்த நாளிலிருந்து கிளப்பில், கிறிஸ்துமஸ் விருந்தில், பேரப்பிள்ளைகள் எதிரில் என்று நார்மன் சொல்லாத இடமில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டு, தான் ஒரு மக்கு என்று அவளும் நம்பிவிட்டாள்.

“கூட வந்த கூலியை என்ன பண்ணினீங்க?”

“கவரைப் பிரிக்காம இவர்கிட்ட குடுத்துடுவேன்.”

“குடும்பத்துக்குத்தான் போச்சு,” என்றார் நார்மன். “அந்த வருஷம் மோட்டார் சைக்கிள் வாங்கினோமே.”

“வாங்கினது நீ. நான் பஸ்லதான் போனேன்.”

நஸ்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைத் திறந்தாள்.

“அந்தப் பாரத்தோட நகல் நேத்துதான் வந்துச்சு. பழசையெல்லாம் ஃபிலிம்ல படம் பிடிச்சு வெச்சிருக்காங்க.”

“அதெல்லாம் இன்னுமா வெச்சிருக்காங்க?” நார்மனின் குரல் சட்டென்று இறங்கியது.

“வெச்சிருக்காங்க சார்.”

“சரி, விடும்மா. நடந்தது நடந்துபோச்சு. பெரில், எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“ஒரு நிமிஷம் சார். அம்மா, கையெழுத்து உங்களுதுதானான்னு பாருங்க. உங்களுதுன்னா நாம பண்றதுக்கு ஒண்ணுமில்ல. இல்லைன்னா மேல்முறையீடு போடலாம். உங்க பேர்லயே முழுப் பென்ஷன் கேட்டுப் போராடலாம்.”

பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தாள். தேதி சரி. கல்யாணமாகி நாலாம் நாள். வேலை நம்பரும் அவளுடையதுதான்.

கீழே ‘பெரில் ஹோல்டன்’ என்று சாய்வான, அழகான எழுத்து. முதல் எழுத்தின் வாலில் பெரிய கொக்கி. அவள் எழுத்து என்றைக்குமே கோணல்மாணல்தான். ஆனால் அந்தக் கொக்கியை அவளுக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் அவள் பிறந்தநாள் காலையில் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கும் வாழ்த்து அட்டையின் உறைமேல் பார்த்திருக்கிறாள்.

புதுப்பெண்டாட்டியாக இருந்த நாலாம் நாள். இத்தனை வருஷம் அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, உங்க கையெழுத்துதானா?”

பெரில் திரும்பிப் பார்த்தாள். நார்மன் கோட்டுப் பொத்தானை மும்முரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நார்மன், என் பேரை இன்னொரு தடவை எழுது.”