அடைக்கலம் தேடிவரும் மான்

2024 ஜூன் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் மாலைப் பூசை நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் காட்டில் எவனோ துப்பாக்கியால் சுடுகிறான். முதலில் ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஐந்து வாரமாகியும் கேட்பார் எவருமில்லை என்று கோயில் செயலாளர் பரமேஸ்வரன் கொதித்துப்போயிருந்தார்.

மலாக்கா மாநிலத்து ரெம்பியாவுக்கு அப்பால், ரப்பர் தோட்டத்து மக்கள் பெயர்ந்துபோனபின் விளக்கேற்றவும் ஆளின்றிக் கிடந்த முருகன் கோயில் அது. வேட்டைக்காரனுக்குத் தப்பிய மான் ஒன்று வெள்ளிதோறும் முருகனிடம் அடைக்கலம் தேடி ஓடிவருகிறது என்ற பேச்சு பரவியது. அலோர் காஜா நகரிலிருந்தெல்லாம் கார்கள் வரத் தொடங்கின. அந்த மான்மீது ஒரு குண்டு பட்டால், கோயில் மறுபடியும் வௌவால்களுக்குத்தான்.

“போலிஸ்ல ரிப்போர்ட் பண்ணிடுவோம், தலைவரே.”

கோயில் தலைவர் சேகரன் பதறினார். “போலிஸெல்லாம் வேணாம் லா. பூசை நேரத்துல நீங்க இங்கயே இருங்க. காட்டை நான் பாத்துக்கிறேன்.”

“அஞ்சு வாரமா நீங்கதான் பாக்குறீங்க. ஒருத்தனும் மாட்டலையே! இன்னிக்கு நான் போறேன்.”

பூக்கட்டிக்கொண்டிருந்த தேவமலர் சிரித்துவிட்டாள். “மலாக்காவுல பரமேஸ்வரன்னு பேர வச்சுக்கிட்டுக் காட்டுக்கா போறீங்க, மாமா? மலாக்காவ உண்டாக்குன அந்தக் காலத்து ராஜா பரமேஸ்வரனோட வேட்டை நாயையே சருகுமான் ஒதச்சுத் தள்ளுச்சு. பாத்து லா!”

 பூசை மணி ஒலிப்பதற்கு முன்பே, பரமேஸ்வரன் கையில் குடையுடன் பால்மரக் காட்டுக்குள் நழுவினார். இருபதடி தூரத்தில் மான் மேய்ந்துகொண்டிருந்தது.

டமார்!

மான் ஓடவில்லை. தலையை நிமிர்த்திச் சிலைபோல் நின்றது. காதுகள் மட்டும் முன்னும் பின்னும் திரும்பின. வெடியோசை மரத்துக்கு மரம் மோதி எதிரொலித்ததில், ஆபத்து எந்தத் திசையில் என்று அதற்கு விளங்கவில்லை. நிற்கும் மானைச் சுடுவது எவ்வளவு எளிது! 

மானுக்கு அப்பால், கோயிலுக்கு எதிர்ப்புறப் புதரில் புகை எழுந்தது. அங்கே ஒருவன் குனிந்து எதையோ அவசரமாகத் திணித்துக்கொண்டிருந்தான். பரமேஸ்வரன் மரங்களைச் சுற்றிப் பதுங்கிச் சென்று, பின்னாலிருந்து பாய்ந்து அவன் கையை முறுக்கிப் பிடித்தார்.

“மாட்டுனியாடா!”

திரும்பிய முகம் தலைவர் சேகரனுடையது. காலடியில் துப்பாக்கி இல்லை. கார்பைடு போட்டு வெடிக்கும் மூங்கில் குழாய் கிடந்தது.

கோயிலில் ‘அரோகரா’ முழக்கம் எழுந்தது. கூட்டம் காட்டையே பார்த்துக் காத்திருந்தது.

“தலைவரே... நீங்களா?”

சேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

“கைய விடுங்க லா! ரெண்டாவது வெடி போட்டாத்தான் அது கோயிலுக்கு ஓடும்!”