பீட்டா காது

பாளையங்கோட்டையிலேயே முதல் ஆளாக இருக்கவேண்டும் என்ற வீம்பில், இசக்கிராஜ் தன் செயற்கைக் காதில் இன்னும் சோதனையில் இருந்த பீட்டா மென்பொருளை ஏற்றினான். நெல்லைப் பேச்சுக்காக வெளியே வாங்கிப் போட்டிருந்த ஆட்-ஆன் அதோடு செத்தது.

"ஆட்-ஆன் போட்டவரைக் கேளுங்க" என்று மெயில் அனுப்பியது காது கம்பெனி. "பீட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்று பதில் எழுதினார் ஆட்-ஆன்காரர். இப்போது செய்தி வாசிப்பவரின் தமிழ் மட்டுமே காதில் விழும். மற்ற பேச்சு, சத்தம் எல்லாவற்றையும் இரைச்சல் என்று காதே அடக்கிவிடும்.

இன்று ஊரிலிருந்து போன் வந்ததும் மனைவி சண்முகக்கனி ஓடிவந்தாள்.

"எங்கம்மா போயிட்டாவ!"

கேட்கவில்லை என்று அவன் கையை விரித்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்திச் சொன்னாள்: "என் தாயார் காலமானார்."

பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக் கதறினாள்.

அவன் முதுகைத் தடவினான். "அடக்கி வைக்காதட்டி. வாய்விட்டு அழு."